சனசமூக நிலையத்தில் அவசரத் தொடர்புச் சாமான்களைப் பராமரிப்பது எப்படி?

கேள்வி: மாரியில் கரண்டும் போன் சிக்னலும் நின்றால் ஊருக்குத் தகவல் சொல்ல, யாழ்ப்பாணத்தில் எங்கள் சனசமூக நிலையத்தில் என்னென்ன வைக்கலாம்?

சாமான் வாங்குவது லேசு, பழுதாகாமல் வைத்திருப்பதுதான் பாடு. முதலில் கெட்டுப்போவது பற்றரி. 12 வோல்ட் ஈய அமிலப் பற்றரியைச் சும்மா போட்டுவைத்தால் தானாகவே இறங்கி, தகட்டில் சல்பேற் படிந்து செத்துவிடும். மாதம் ஒருக்கா மீற்றரால் பாருங்கள்: சார்ஜிலும் பாவனையிலும் இல்லாமல் ஓய்வில் இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டினால் நிறைவு, 12.4க்குக் கீழே என்றால் உடனே சார்ஜ். எங்கள் உப்புக்காற்றில் முனைகள் பூத்துப்போகும். சுரண்டித் துடைத்து வாசலின் பூசுங்கள். ரோச்சுக்குள்ளும் ரேடியோவுக்குள்ளும் உலர் பற்றரியைப் போட்டபடி விடாதீர்கள், கசிந்து ஸ்பிரிங்கைத் தின்றுவிடும்.

மற்றபடி கையில் பிடிக்கும் ஒலிபெருக்கி, சின்னச் சோலார் தட்டு, 117 (அனர்த்த முகாமைத்துவ நிலையம்) உட்பட அவசர இலக்கங்கள் எழுதிய பலகை போதும். வோக்கிடோக்கி வேண்டுமென்றால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி எடுத்த பிறகே வாங்குங்கள். எல்லாம் மேல்தட்டில் இருக்கட்டும். 2008இல் நிஷா புயல் கொண்டுவந்த வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று விளங்கும். அலுமாரித் திறப்பில் ஒன்றைப் பக்கத்து வீட்டிலும் கொடுத்து வையுங்கள். தலைவர் கொழும்புக்குப் போன நாளாகப் பார்த்துத்தான் புயல் வரும்!