கேள்வித்தாளில் 10 மதிப்பெண் எடுத்தாலே மனச்சோர்வு நோயா?

கேள்வி: மனைவிக்கு வரும் மனச்சோர்வுக்கும் கணவன்–மனைவி உறவுக்கும் உள்ள தொடர்பு பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். கைக்குழந்தை உள்ள 200 தம்பதிகளைப் பார்க்கப் போகிறேன். மனச்சோர்வு அறிகுறிகளை அளக்கும் பிஎச்க்யூ-9 (PHQ-9) கேள்வித்தாளில் 10-ம் அதற்கு மேலும் எடுத்தவர்களை ‘மனச்சோர்வு நோயாளிகள்’ என்று எழுதினால் போதும் என்கிறார் நெறியாளர். ஆய்வுக் குழுவில் இன்னொருவர், நோயறி நேர்காணல் (நேரில் கேட்டு நோய் உண்டா என்று முடிவு செய்வது) செய்தே ஆக வேண்டும் என்கிறார். நான் மனநல மருத்துவர் இல்லை. நானே செய்யலாமா? கணவனையும் மனைவியையும் சேர்த்து உட்கார வைக்கலாமா? ஒரு நிறுவனம் நேர்காணல் முதல் பகுப்பாய்வு வரை முடித்துத் தருகிறோம் என்கிறது. அவர்களிடம் விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். நேர்காணல் அவசியம். முறையாகப் பயிற்சி எடுத்துக்கொண்டால் நீங்களே செய்யலாம்.

பிஎச்க்யூ-9-இல் இருப்பது 9 கேள்விகள். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி மட்டும் கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. ஒருவர் 10 எடுத்தால் ‘இவரைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும்’ என்று மட்டுமே பொருள்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் 200 பெண்களில் 20 பேருக்கு உண்மையிலேயே நோய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கேள்வித்தாள் நோய் உள்ளவர்களில் 85 சதவீதம் பேரைச் சரியாகப் பிடிக்கிறது, இல்லாதவர்களில் 85 சதவீதம் பேரைச் சரியாக விட்டுவிடுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். நோயுள்ள 20 பேரில் 17 பேர் சிக்குவார்கள். மீதி 180 பேரில் 27 பேர் தவறாகச் சிக்குவார்கள். ஆக 10-ம் அதற்கு மேலும் எடுத்தவர்கள் 44 பேர், அதில் நோயாளிகள் 17 பேர்தான். இந்த 44 பேரையும் ‘நோயாளிகள்’ என்று எழுதிவிட்டு அவர்கள் திருமண உறவைப் பற்றி முடிவு சொன்னால், பாதிக்கு மேல் நோயே இல்லாதவர்களைப் பற்றித்தான் சொல்லியிருப்பீர்கள்.

நேர்காணல் இந்தத் தவறை எப்படித் தடுக்கிறது? தூக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தை வைத்திருக்கும் எந்தத் தாயிடம் கேட்டாலும் “தினமும் தூக்கம் இல்லை” என்றுதான் சொல்வார். கேள்வித்தாளில் அது முழுசாக 3 மதிப்பெண். நேர்காணல் செய்கிறவர் அங்கே நிறுத்தமாட்டார். “குழந்தையை வேறு யாராவது பார்த்துக்கொண்டால் உங்களுக்குத் தூக்கம் வருகிறதா?” என்று கேட்பார். “படுத்தவுடன் தூங்கிவிடுவேன்” என்றால் அது அலுப்பு. “அப்பவும் வராது, விட்டத்தைப் பார்த்துக்கொண்டே கிடப்பேன்” என்றால் அது அறிகுறி. “எதிலும் நாட்டம் இல்லை” என்பதும் இப்படித்தான். கணவர் ஊரில் இல்லாதபோது தோழியோடு சிரித்துப் பேச முடிகிறது என்றால், அந்த வெறுப்பு வாழ்க்கையின் மீதா, கணவர் மீதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். உங்கள் ஆய்வே இந்த இரண்டுக்கும் உள்ள தொடர்பைப் பற்றியது. அளக்கும்போதே இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிட்டால் அப்புறம் எந்தப் புள்ளியியலாலும் பிரிக்க முடியாது.

குடும்ப ஆய்வுக்கு இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. கேள்வித்தாளுக்கு இரண்டு வாரத்துக்கு முந்தைய கதை தெரியாது. இதற்கு முன்னால் இப்படி வந்ததுண்டா, முதலில் வந்தபோது என்ன வயது, கல்யாணத்துக்கு முன்பா பின்பா என்று நேர்காணலில் கேட்கலாம். 19 வயதிலேயே ஒரு முறை மனச்சோர்வு வந்துபோன பெண்ணையும், கல்யாணத்துக்குப் பிறகு முதன்முதலாக வந்த பெண்ணையும் ஒரே கூட்டத்தில் சேர்த்துவிட்டு ‘மோசமான உறவால் மனச்சோர்வு வருகிறது’ என்று எழுதக் கூடாது.

எந்த நேர்காணல்? ‘ஸ்கிட்’ (SCID) என்ற நோயறி நேர்காணல் மருத்துவ அனுபவம் உள்ளவர்களுக்கானது. பதிலைக் கேட்டு, துருவி, அறிகுறி இருக்கிறதா இல்லையா என்று நேர்காணல் செய்பவரே முடிவெடுக்க வேண்டும். அது உங்களுக்கு இப்போது வேண்டாம். 1998-இல் வெளிவந்த ‘மினி’ (MINI) என்ற சுருக்கமான நேர்காணல் போதும். ஆம், இல்லை என்று பதில் வருகிற மாதிரி அமைந்த கேள்விகள், சுமார் 15 நிமிடம். மருத்துவர் அல்லாதவரும் பயிற்சி பெற்றுச் செய்யலாம். நான் மேலே சொன்னதுபோல், பதில் தெளிவாக இல்லாத இடத்தில் நின்று விளக்கம் கேட்கப் பழக வேண்டும், அவ்வளவுதான். இது உரிமை உள்ள கருவி. முறையாக அனுமதி வாங்குங்கள்.

பயிற்சி என்று நான் சொல்வது ஒருநாள் பட்டறைச் சான்றிதழை அல்ல. அனுபவமுள்ள மனநல மருத்துவரோ மருத்துவ உளவியலாளரோ பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். நீங்கள் கேட்க, இருவரும் தனித்தனியாகக் குறித்து, பிறகு ஒப்பிட வேண்டும். ஒத்துப்போவதை அளக்கும் கப்பா மதிப்பு (முழுக்க ஒத்துப்போனால் 1) 0.6-க்குக் கீழே இருந்தால் பயிற்சி இன்னும் முடியவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கணவனையும் மனைவியையும் சேர்த்து உட்கார வைக்கவே கூடாது. தனித்தனி அறை, முடிந்தால் தனித்தனி ஆள். மனைவி சொன்னதைக் கேட்டுவிட்டுக் கணவரிடம் போனால், உங்களை அறியாமலே கேள்வி சாய்ந்துவிடும். ஒருவர் சொன்னது இன்னொருவர் காதுக்குப் போகக் கூடாது.

இதில் ஒரே ஒரு விலக்கு உண்டு, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தற்கொலை எண்ணம். அதைக் கேட்டால் இல்லாத எண்ணத்தைத் தூண்டிவிடுவோமோ என்று பலர் அந்தக் கேள்வியைத் தாண்டிப் போகிறார்கள். கேட்பதால் எண்ணம் உண்டாவதில்லை, தைரியமாகக் கேளுங்கள். “இருந்து என்ன பிரயோஜனம் என்று தோன்றும்” என்பது ஒரு நிலை. எப்படிச் சாவது என்று யோசித்திருக்கிறாரா, அதற்கானது கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கிறதா, முன்பு முயன்றதுண்டா என்பதெல்லாம் அடுத்த நிலை. அடுத்த நிலை என்றால் நேர்காணல் அங்கேயே நின்றுவிட வேண்டும், ரகசிய வாக்குறுதியும் அங்கே முடிந்தது. அவரைத் தனியாக விடாமல், நீங்கள் அங்கே இருக்கும்போதே மருத்துவரோடு பேசவைக்க வேண்டும். இப்படிச் செய்வோம் என்று ஒப்புதல் படிவத்தில் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், வாயாலும் சொல்லியிருக்க வேண்டும். பதற்றத்தில் நேரே கணவரிடம் ஓடாதீர்கள். அவர் கைநீட்டுகிறவராக இருந்தால், பெண்ணை இன்னும் ஆபத்தில் தள்ளியவர் ஆவீர்கள். “உங்கள் வீட்டில் யாரிடம் சொல்லலாம்?” என்று அந்தப் பெண்ணிடமே கேளுங்கள். அம்மா, அக்கா, பக்கத்து வீட்டுக்காரர், யாராகவும் இருக்கலாம்.

எத்திக்ஸ் கமிட்டிகள் இதைத்தான் துருவிக் கேட்க வேண்டும். ஆனால் படிவத்தில் கையெழுத்து எந்தப் பக்கத்தில், எத்தனை நகல் என்று கேட்கிற அளவுக்கு, ‘ஒரு பெண் சாகப் போகிறேன் என்று சொன்னால் எந்த மருத்துவரை அழைப்பீர்கள், அவர் ஒத்துக்கொண்டாரா?’ என்று கேட்கிற கமிட்டிகள் குறைவு. எனக்கு இது பொறுக்கவில்லை. அவர்கள் கேட்காவிட்டாலும் அந்த மருத்துவரின் எழுத்துப்பூர்வச் சம்மதத்தை நீங்கள் வாங்கி வையுங்கள்.

இனி அந்த நிறுவனம். ‘முழு பேக்கேஜ்’ என்று விற்கிறவர்களிடம் கிடைப்பது பெரும்பாலும் நேர்காணல் கேள்விகளை யாரோ அவசரமாக மொழிபெயர்த்த ஒரு நகல். முதல் இரண்டு கேள்விகளுக்குப் பின் வரும் ‘இரண்டுக்கும் இல்லை என்றால் அடுத்த பகுதிக்குப் போகவும்’ என்ற குறிப்பு அதில் காணாமல் போயிருக்கும். அந்த ஒரு வரி போனால் எல்லாரிடமும் எல்லாவற்றையும் கேட்டு, நோய் இல்லாதவருக்கும் நோய் சேர்த்துவிடுவார்கள். கேட்டிருந்தால்தானே அதுவும். உட்கார்ந்த இடத்திலேயே நிரப்பிய டேட்டாவை நான் பார்த்திருக்கிறேன். ஒருவர்கூட மறுத்திருக்கமாட்டார், ஒரு பதில்கூட விடுபட்டிருக்காது, எல்லா நேர்காணலும் ஏறக்குறைய ஒரே நேரம் எடுத்திருக்கும். கணவனும் மனைவியும் சண்டையைப் பற்றிக்கூட ஒரே மாதிரி சொல்லியிருப்பார்கள். நிஜத் தம்பதிகள் அப்படிச் சொல்வதில்லை. ஆய்வேட்டில் போகப்போவது உங்கள் பெயர், அந்த நிறுவனத்தின் பெயர் அல்ல. நேரக்கெடு வைத்து ஆள் எண்ணிக்கையை மட்டும் கேட்கிற பல்கலைக்கழக முறைதான் இவர்களுக்குச் சோறு போடுகிறது. அந்தக் கோபத்தில் நீங்களும் அவர்கள் கையில் போய் விழுந்துவிடாதீர்கள்.

200 பேரையும் நேர்காணல் செய்ய முடியாதே என்று மலைக்க வேண்டாம். எல்லாரிடமும் கேள்வித்தாள் கொடுங்கள். 10-ம் அதற்கு மேலும் எடுத்த எல்லாரையும் நேர்காணல் செய்யுங்கள். அதற்குக் கீழே உள்ளவர்களில், குலுக்கல் முறையில், ஐந்தில் ஒருவரையாவது செய்யுங்கள். இந்த இரண்டாவது கூட்டத்தை விட்டுவிட்டால், கேள்வித்தாள் தவறவிட்டவர்கள் எத்தனை பேர் என்று மதிப்பிட வழியே இருக்காது. யாருடைய மதிப்பெண் என்ன என்பது நேர்காணல் செய்பவருக்குத் தெரியக் கூடாது. அதனால் கேள்வித்தாளைத் திருத்தும் வேலையை வேறொருவரிடம் கொடுங்கள்.

நெறியாளர் இதற்கும் சம்மதிக்கவில்லை என்றால், தலைப்பை மாற்றக் கேளுங்கள். ‘மனச்சோர்வு நோய்’ என்பதை ‘மனச்சோர்வு அறிகுறிகளின் அளவு’ என்று ஆக்கிவிட்டு, 10 என்ற எல்லைக்கோடே போடாமல், 0 முதல் 27 வரை உள்ள மதிப்பெண்ணை அப்படியே பயன்படுத்துங்கள். அதற்குக் கேள்வித்தாள் போதும். தலைப்பு மாற்றத்துக்கான விண்ணப்பத்தை முதல் தம்பதியைச் சந்திக்கும் முன்பே கொடுத்துவிடுங்கள். ஒப்புதல் படிவத்திலும் அதே தலைப்புதான் இருக்க வேண்டும்.