எடை குறைஞ்சா எலும்பும் கரையுமா?

கேள்வி: டாக்டர், எனக்கு வயசு 47. 84 கிலோ இருந்தேன், சாப்பாட்டைக் குறைச்சு இப்ப 75க்கு வந்துட்டேன். எங்கம்மாவுக்கு 66 வயசுல வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சிடுச்சு. அந்த ஜீன் உனக்கும் இருக்கும், இதுக்கு மேல வெயிட்டைக் குறைக்காதேன்னு அக்கா பயமுறுத்துறாங்க. ஜீன் டெஸ்ட் எடுக்கணுமா? வைட்டமின் டி மாத்திரை போட்டா போதுமா?

பதில்: அக்கா பயப்படறது வீண் பயம் இல்லம்மா, ஆனா எடை குறைக்கறத நிறுத்த வேண்டாம். உங்களுக்கு பத்துல ஒரு பங்கு எடை போயிருக்கு, அந்த அளவு குறையறப்ப இடுப்பெலும்போட அடர்த்தி சராசரியா 1லருந்து 2 சதவீதம் குறையும். எலும்பு மேல விழற பாரம் குறையுது, கொழுப்புலருந்து வர்ற ஈஸ்ட்ரோஜன் குறையுது, சாப்பாடு குறைஞ்சதால கால்சியமும் குறைவாதான் உள்ள போகுது, இத்தனையும் ஒண்ணா சேர்ந்துதான் இந்த இழப்பு.

ஜீனுக்கு வருவோம். ஆளுக்கு ஆள் எலும்பு அடர்த்தி வித்தியாசப்படுதே, அதுல பாதிக்கு மேல பரம்பரைதான். ஆனா அது ஒரு ஜீன் பண்ற வேலை இல்ல, நூத்துக்கணக்கான ஜீன்கள் ஒவ்வொண்ணும் துளித்துளியா பண்றது. விடிஆர்னு ஒண்ணு இருக்கு, வைட்டமின் டி செல்லுக்குள்ள வேலை செய்ய அதுதான் வேணும், அதோட மாறுபாடுகளை வருஷக்கணக்கா ஆராய்ஞ்சும் தனியா அதுக்குப் பெரிய தாக்கம் இல்லன்னுதான் தெரிஞ்சுது. ஜிசி, சிஒய்பி2ஆர்1னு வேற ரெண்டு ஜீன் ரத்தத்துல வைட்டமின் டி எவ்வளவு நிக்கும்ங்கறதை மாத்தும், அதனாலதான் ஒரே மாத்திரை ஒருத்தருக்கு ஏறுது இன்னொருத்தருக்கு ஏறமாட்டேங்குது. அதுக்கு ஜீன் டெஸ்ட் எதுக்கு, 25 ஹைட்ராக்ஸி வைட்டமின் டின்னு சாதாரண ரத்தப் பரிசோதனை எடுத்தாலே உங்க ஜீனும் வெயிலும் சாப்பாடும் சேர்ந்து கடைசில என்ன பண்ணிருக்குன்னு காட்டிடும். ஒரு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழ இருந்தா குறைபாடு. அம்மாவுக்கு இடுப்பு முறிஞ்சதே உங்க குடும்பத்தோட ஜீன் ரிப்போர்ட் மாதிரிதான், அதை உங்க டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க, எலும்பு அடர்த்தியை அளக்கற டெக்ஸா ஸ்கேன் இப்பவே வேணுமான்னு அவர் முடிவு பண்றதுக்கு அது ரொம்ப முக்கியம், மாதவிடாய் நிக்கற வயசும் நெருங்குதே.

குண்டா இருக்கறவங்களுக்கு வைட்டமின் டி குறைவா காட்டறது சகஜம், அது கொழுப்புல போய் தங்கிக்கும், எடை குறையறப்ப ரத்தத்துல கொஞ்சம் ஏறவும் செய்யும். குறைபாடு இருந்தா கட்டாயம் சரி பண்ணணும், அது இல்லாம கால்சியம் குடல்ல சரியா ஏறாது. ஆனா குறைபாடு இருக்கான்னு பாக்காம பொதுவா ஆரோக்கியமா இருந்த 25,000 பேருக்கு மேல சேர்த்து, பாதிப் பேருக்கு தினம் 2000 யூனிட் மாத்திரையும் மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரையும் கொடுத்துப் பாத்தாங்க, 2022ல முடிவு வந்துச்சு, எலும்பு முறிவு குறையவே இல்ல. அதனால மாத்திரை மட்டும் போதாது.

எலும்பைக் காப்பாத்தறது எடை தூக்கற பயிற்சி. நடைப்பயிற்சி நல்லதுதான், அதோட நிறுத்திக்காதீங்க. டயட்டோட இந்தப் பயிற்சியும் செஞ்சவங்களுக்கு எலும்பு இழப்பு குறைவா இருந்துச்சுன்னு வயசானவங்ககிட்ட நடந்த ஆய்வுகள்ல தெளிவா வந்திருக்கு. கிட்னி பிரச்சனை இல்லன்னா ஒரு கிலோ எடைக்கு ஒரு கிராமாவது புரதம், நாளைக்கு 1000 மில்லிகிராம் கால்சியம், முடிஞ்சவரைக்கும் சாப்பாட்டுலருந்தே.

ஒண்ணு மட்டும் கேட்டுக்கங்க, வைட்டமின் டியை மொத்தமா ஒரே டோஸ்ல ஏத்திக்கலாம்னு நீங்களா எதையும் போடாதீங்க. வருஷத்துக்கு ஒரு தடவை 5 லட்சம் யூனிட் கொடுத்த ஆய்வுல வயசான பெண்கள் கீழ விழறதும் எலும்பு முறியறதும் கூடத்தான் செஞ்சுது.