அஞ்சலக வழக்கும் தொலைக்காட்சித் தொடரும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பிரிட்டிஷ் அஞ்சலக முறைகேட்டைப் பற்றிய ‘மிஸ்டர் பேட்ஸ் வெர்சஸ் த போஸ்ட் ஆபீஸ்’ தொடரை அண்மையில்தான் பார்த்து முடித்தேன். கணினியின் பிழையால் நூற்றுக்கணக்கான எளிய மனிதர்கள் திருடர்களாக்கப்பட்டிருக்கிறார்கள். இருபதாண்டுகளாக எவருமே அறியாமல் இருந்த இந்த அநீதியை ஒரு தொடர் நான்கே இரவுகளில் நாட்டுக்கு எடுத்துச்சொல்லி, அரசையும் பணியவைத்திருக்கிறது. நம் ஊர் மெகா சீரியல்களோ மாமியார் வீட்டுச் சமையலறையை விட்டு இன்னும் வெளியே வரவில்லை. ஒரு கலைப்படைப்புக்கு அரசு இப்படிச் செவிசாய்க்கிறது என்றால் அந்த நாட்டில் நீதி உயிரோடு இருக்கிறது என்றுதான் தோன்றுகிறது. செய்தியாளர்களாலும் நீதிமன்றங்களாலும் முடியாததைப் புனைவால் சாதிக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

எஸ்.ஆர்., திருச்சி

அன்புள்ள எஸ்.ஆர்.,

தொடர் நன்றாக எடுக்கப்பட்டிருக்கிறது என்பதில் நமக்குள் வேறுபாடில்லை. பாதிக்கப்பட்டவர்களின் போராட்டத்தை முன்னின்று நடத்திய ஆலன் பேட்ஸாக வரும் டோபி ஜோன்ஸ் குரலை உயர்த்தாமலேயே நான்கு பகுதிகளையும் தாங்கிச் செல்கிறார். மெகா சீரியல்களைப் பற்றி நீங்கள் சொன்னதை மறுக்கவும் என்னிடம் ஒன்றுமில்லை. ஆனால், இருபதாண்டுகளாக எவரும் அறியாமல் இருந்ததைத் தொடர்தான் வெளிக்கொணர்ந்தது என்று நீங்கள் நினைப்பது உண்மைக்கு மாறானது. உங்கள் முடிவுகள் எல்லாமே அதன்மீது நிற்பதால் அதையே முதலில் பேச வேண்டும்.

‘கம்ப்யூட்டர் வீக்லி’ இதழ் ஏழு துணை அஞ்சலகப் பொறுப்பாளர்களின் கதையை வெளியிட்டது 2009 மே மாதத்தில். பிபிசியின் ‘பனோரமா’ நிகழ்ச்சி 2015இல் இதை எடுத்துக்கொண்டது. பேட்ஸின் தலைமையில் 555 பேர் தொடுத்த வழக்கில் 2019 டிசம்பரில் நீதிபதி ஃபிரேசர் அளித்த தீர்ப்பு, அஞ்சலகக் கணக்குகளைக் கையாண்ட ஹொரைசன் மென்பொருளில் பிழைகள் இருந்தன என்பதை ஐயத்துக்கு இடமின்றி நிறுவியது. அஞ்சலக நிறுவனத்தின் வாதம் பூமி தட்டை என்று இந்த நூற்றாண்டில் சாதிப்பதற்கு ஒப்பானது என்று அவர் அதில் எழுதினார். 2021 ஏப்ரலில் மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒரே நாளில் 39 பேரின் தண்டனையை ரத்து செய்தது. 2024 ஜனவரி 1 அன்று தொடரின் முதல் பகுதி ஒளிபரப்பானபோது, சர் வின் வில்லியம்ஸ் தலைமையிலான பொது விசாரணை ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. அதாவது, நாளிதழைக் கொஞ்சம் கவனமாகப் படித்துவந்த ஒருவருக்கு அந்தத் தொடரில் புதிய செய்தி என்று எதுவும் இல்லை. நாடு அறிந்திருந்தது, ஆனால் பொருட்படுத்தவில்லை. அறியாமையைவிட இது மோசமான நிலை என்பது என் எண்ணம்.

தொடர் காட்டியவற்றுள் எனக்கு மிக முக்கியமாகப் படுவது, பொறி எப்படி அமைக்கப்பட்டிருந்தது என்பது. ஹாம்ப்ஷயர் கிராமம் ஒன்றில் கடையும் அஞ்சலகமும் நடத்திவந்த ஜோ ஹாமில்டன் கணக்கு முடிக்கும்போது இரண்டாயிரம் பவுண்டு துண்டு விழுகிறது. உதவி எண்ணை அழைத்து, அவர்கள் சொன்னபடி விசைகளை அழுத்துகிறார். அவர் கண்முன்னாலேயே திரையில் துண்டு இரு மடங்காகிறது. ஒப்பந்தப்படி பற்றாக்குறைக்கு அவரே பொறுப்பு. திரையில் உள்ள தொகைக்கும் கல்லாவில் உள்ள பணத்துக்கும் கணக்கு நேராகிவிட்டது என்று ஒப்புக்கொள்ளாவிட்டால் மறுநாள் கடையைத் திறக்க முடியாது. ஒப்புக்கொண்டாலோ அது பொய்க்கணக்கு என்னும் குற்றம். ‘உங்களுக்கு மட்டும்தான் இந்தச் சிக்கல்’ என்ற பதில் வேறு. எனவே வீட்டை அடகுவைத்துக் கைக்காசைப் போட்டுக் கட்டுகிறார். கடைசியில் திருட்டுக் குற்றச்சாட்டைக் கைவிடுகிறோம், பொய்க்கணக்கு எழுதியதாக ஒப்புக்கொள் என்கிறார்கள். சிறைக்கு அஞ்சி அவரும் ஒப்புக்கொள்கிறார். 1999 முதல் 2015 வரை இவ்வகையில் தண்டிக்கப்பட்டவர்கள் 900க்கும் மேல். அவர்களில் ஏறத்தாழ 700 பேர்மீது வழக்குத் தொடுத்தது காவல்துறையோ அரசு வழக்கறிஞரோ அல்ல, அஞ்சலக நிறுவனமேதான். பணத்தை இழந்ததாகப் புகார் சொல்பவரும், துப்புத்துலக்குபவரும், கூண்டில் ஏற்றுபவரும் ஒருவரே என்னும் அந்த ஏற்பாடு இங்கிலாந்தில் சட்டப்படி செல்லுபடியாகும் ஒன்று.

தொடரால் காட்ட முடியாதது இதற்கும் அடியில் இருக்கிறது. கணினி தந்த ஆவணத்தைச் சாட்சியமாக வைப்பவர், அந்தக் கணினி ஒழுங்காக இயங்கியது என்றும் காட்ட வேண்டும் என இங்கிலாந்தின் 1984ஆம் ஆண்டுக் காவல்துறை, குற்றச் சாட்சியச் சட்டத்தின் 69ஆம் பிரிவு சொன்னது. நடைமுறைக்குத் தொல்லையாக இருக்கிறது என்று 1999இல் இயற்றிய சட்டம் ஒன்றால் அந்தப் பிரிவை நீக்கினார்கள். அதன்பின், மாறாக நிரூபிக்கப்படாதவரை கணினி சரியாகவே இயங்கியது என்று நீதிமன்றம் கொள்ளும். நாடெங்கும் அஞ்சலகங்களில் ஹொரைசன் பொருத்தப்பட்டதும் ஏறத்தாழ அதே காலத்தில்தான். மென்பொருளின் உள்விவரங்கள் அதை உருவாக்கிய ஃபுஜிட்சு நிறுவனத்திடமும் அஞ்சலக நிறுவனத்திடமும் இருக்க, பிழையை நிரூபிக்கும் சுமை கிராமத்துக் கடைக்காரர் தலையில் விழுந்தது. பிரிவு நீக்கப்பட்ட அந்த நாளை எந்த இயக்குநராலும் காட்சியாக்க முடியாது. அதில் அழுபவர் இல்லை, வில்லனும் இல்லை.

நம் நாட்டோடு ஒப்பிட்டுப் பேசியிருக்கிறீர்கள் என்பதால் இடையில் ஒன்று. நம் பழைய சாட்சியச் சட்டத்தில் மின்னணு ஆவணங்களைப் பற்றிப் பேசிய 65பி பிரிவு, பிரிட்டனின் 1968ஆம் ஆண்டு உரிமையியல் சாட்சியச் சட்டத்திலிருந்து பெரும்பாலும் அப்படியே எடுக்கப்பட்டது. அவர்கள் அதைக் கைவிட்டுவிட்டார்கள். நாம் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவிலும் மின்னணு ஆவணத்துக்குச் சான்றிதழ் கேட்கிறோம். அது பல நேரங்களில் வெறும் சடங்காகவே முடிகிறது என்பதும் உண்மைதான். ஆனாலும் கேள்வி கேட்க ஒரு வாசலாவது திறந்திருக்கிறது.

அப்படியானால் தொடர் சாதித்தது என்ன? கோபத்தைத் திரட்டியது. அது சிறிய காரியமல்ல. புத்தாண்டு விடுமுறையில், குடும்பமே வீட்டில் இருக்கும் நான்கு தொடர் இரவுகளில், தேர்தல் வரவிருந்த ஆண்டின் தொடக்கத்தில் அது வந்தது. தண்டனை பெற்றவர்கள் அயலார் அல்ல. ஓய்வூதியம் தருபவர், பொட்டலத்தை எடைபோடுபவர், ஊரில் எல்லோருக்கும் பெயர் தெரிந்தவர். அஞ்சலக நிறுவனத்தின் முன்னாள் தலைமை நிர்வாகி பவுலா வென்னெல்ஸிடமிருந்து சிபிஇ என்னும் அரசப் பட்டத்தைப் பறிக்கக் கோரிய மனுவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். முதல் பகுதி வந்த பத்தாவது நாளில் பிரதமர் ரிஷி சுனக் தனிச்சட்டம் அறிவித்தார். மே 24 அன்று அது நிறைவேறியது. நீதிமன்றங்கள் அளித்த தண்டனைகளை நாடாளுமன்றம் மொத்தமாகச் சட்டத்தால் துடைப்பது அவர்கள் மரபுக்கு முற்றிலும் புறம்பானது. இந்த வழக்குகளில் வேறு வழியில்லை என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அதை நீதி உயிரோடு இருப்பதன் அடையாளமாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. நீதிமன்றங்கள் தம் வேலையைச் செய்திருந்தால் அந்தச் சட்டம் தேவைப்பட்டிருக்காது.

புனைவு தனித்து நின்று வெல்லும் என்னும் உங்கள் வாதத்துக்கு அதே நாட்டிலேயே எதிர்ச்சான்று உண்டு. 1989இல் ஹில்ஸ்பரோ கால்பந்து அரங்க நெரிசலில் 97 பேரின் உயிர் போனது. 1996இல் ஐடிவி தொலைக்காட்சி அதைப் பற்றி ஒரு படத்தை ஒளிபரப்பியது, பார்த்தவர்கள் கலங்கினார்கள். ஆனால் காவல்துறையின் பொய்களை உடைத்தது 2012இல் ஆவணங்களைத் தோண்டியெடுத்த தனிக்குழு. இறந்தவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்று நடுவர் குழு சொன்னது 2016இல். படத்துக்கும் தீர்ப்புக்கும் நடுவே இருபதாண்டுகள். அஞ்சலக வழக்கில் தொடர் வருவதற்கு முன்பே தீர்ப்பு கையில் இருந்ததால்தான் கோபத்துக்குப் பிடிமானம் கிடைத்தது.

கோபம் ஒரு முகத்தைத் தேடும் என்பதையும் பார்க்க வேண்டும். வென்னெல்ஸ் பட்டத்தை இழந்தார். அதற்கு அவர் தகுதியானவரே. ஆனால் தெற்காசிய வம்சாவளியினர் ஏராளமாக இருந்த இத்தொழிலில், சந்தேகத்துக்குரியவர்களை ‘இந்திய/பாகிஸ்தானிய வகை’ என்பதுபோல் இனவாரியாகக் குறிக்கும் ஆவணம் ஒன்றைத் துப்பறிவாளர்கள் கையாண்டது 2023இல் தகவல் பெறும் உரிமை வழியே வெளிவந்தது. அதற்கு எவர் முகத்தைப் பொருத்துவது? வெஸ்ட் பைஃப்லீட்டில் அஞ்சலகம் நடத்திய சீமா மிஸ்ரா, 2010 நவம்பரில், எட்டு வாரக் கருவோடு, மூத்த மகனின் பத்தாவது பிறந்தநாளன்று சிறைக்கு அனுப்பப்பட்டார். அவர்மீதான வழக்கில் மென்பொருளின் தரம் விவாதிக்கப்பட்டது; அப்படியும் நடுவர் குழு கணினியைத்தான் நம்பியது.

கணினியை நம்பும் அந்த விதியை மறுஆய்வு செய்வது பற்றி நீதித்துறை அமைச்சகம் கருத்துக் கேட்டது 2025 ஜனவரியில், தொடர் வந்து ஓராண்டுக்குப் பிறகு. இழப்பீடும் இழுபறியாகவே நகர்ந்தது. 2025 ஜூலையில் வெளியான விசாரணை அறிக்கையின் முதல் தொகுதி, இதனால் 13 பேராவது தற்கொலை செய்துகொண்டிருக்கக்கூடும் என்கிறது.

இவ்வளவு ஈடுபாட்டோடு தொடரைப் பார்த்திருக்கும் நீங்கள், 2024 மே மாதத்தில் வென்னெல்ஸ் மூன்று நாட்கள் அளித்த சாட்சியத்தையும் பார்க்க வேண்டும். விசாரணைக் குழுவின் யூடியூப் பக்கத்தில் வெட்டாமல் இருக்கிறது. நீளம் அதிகம், பின்னணி இசை கிடையாது. பார்த்துவிட்டு எழுதுங்கள்.