பார்த்த முகம், தெரிந்த முகம்: கண்ணால் கண்ட சாட்சி பற்றிக் கேள்வி பதில்

நினைவாற்றல் ஆய்வு, அதிலும் முகங்களை அடையாளம் காண்பது பற்றிய ஆய்வுதான் நான் கல்லூரியில் நடத்தும் பாடம். வந்த கேள்விகளில் சிலவற்றை எடுத்துக்கொள்கிறேன்.

“பேர் மறக்கும், முகம் மறக்காது” என்கிறார்களே, உண்மையா? (ஈரோட்டிலிருந்து ஒருவர்)

பாதி உண்மை. 1973-ல் லயனல் ஸ்டாண்டிங் என்பவர் 10,000 படங்களை ஐந்து நாட்களில் காட்டிவிட்டு, பார்த்த படம் எது, பார்க்காதது எது என்று இரண்டிரண்டாக வைத்துக் கேட்டார். 83 சதவீதம் சரியாக வந்தது. ஆனால் அங்கே காட்டியது முன்பு பார்த்த அதே படம். ஆளின் முகம் அப்படி அசையாமல் நிற்பதில்லை. வெளிச்சம், கோணம், தாடி, வயசு எல்லாம் மாறும்.

2011-ல் பிரிட்டனில் ஒரு சோதனை நடந்தது. நெதர்லாந்துப் பிரபலங்கள் இரண்டு பேர், ஆளுக்கு இருபது படம். நாற்பதையும் கலைத்துக் கொடுத்து, “ஆள் வாரியாகப் பிரியுங்கள்” என்றார்கள். அவர்களைத் தெரியாத பிரிட்டிஷ்காரர்கள் ஏழெட்டு அடுக்குகளாகப் பிரித்தார்கள். நெதர்லாந்துக்காரர்களுக்கு இரண்டே அடுக்குதான். தெரிந்த முகத்தில் நமக்கு இருக்கும் திறமை தெரியாத முகத்தில் இல்லை. குற்றம் நடக்கும் இடத்தில் பெரும்பாலும் தெரியாத முகம்தான்.

பஸ்ஸில் ஒருவரைப் பார்த்ததும் “எங்கேயோ பார்த்திருக்கிறோமே” என்று மண்டையைக் குடைகிறதே, அது ஏன்?

ஜார்ஜ் மாண்ட்லர் என்ற உளவியலாளர் 1980-ல் இதற்குச் சொன்ன உதாரணமே பஸ்ஸில் எதிர்ப்படும் கறிக்கடைக்காரர்தான். கடையில் பார்த்தால் சட்டென்று தெரிந்திருக்கும். ‘பார்த்த முகம்’ என்ற உணர்வு ஒன்று, எங்கே எப்போது பார்த்தோம் என்ற ஞாபகம் இன்னொன்று. முதலாவது மட்டும் வந்து இரண்டாவது வராவிட்டால் ஆபத்து. ஆஸ்திரேலியாவில் டொனால்ட் தாம்சன் என்ற உளவியலாளரைப் பாலியல் வன்கொடுமைக் குற்றவாளி என்று ஒரு பெண் அடையாளம் காட்டினார். குற்றம் நடந்த நேரத்தில் தாம்சன் டிவி நேரலையில் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் மனதில் தங்கிவிட்டது, வந்த இடம் மாறிவிட்டது.

சாட்சி அடித்துச் சொல்கிறார், அழுதுகொண்டே சொல்கிறார். அது எப்படிப் பொய்யாகும்? (திருச்சி, சட்டக்கல்லூரி மாணவி)

பொய் இல்லை. அதனால்தான் இது இவ்வளவு கடினமான விஷயம்.

1984, அமெரிக்காவின் வட கரோலினா, பர்லிங்டன் நகரம். ஜெனிஃபர் தாம்சன் என்ற 22 வயது மாணவி. தாக்குதல் நடக்கும்போதே, பிழைத்தால் இவனைப் பிடித்துக் கொடுக்கவேண்டும் என்று அந்த முகத்தைப் பார்த்துப் பார்த்து மனதில் பதித்தார். போலீஸ் ஆறு படங்களை வைத்தது. உண்மையான ஆளின் படம் அதில் இல்லை. சில நிமிடங்கள் தயங்கி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, ரொனால்ட் காட்டன் என்பவரின் படத்தை எடுத்தார். சரியாகச் செய்தேனா என்று கேட்டதற்கு, நன்றாகச் செய்தீர்கள் என்றார்கள். பிறகு ஆட்களை நேரில் நிறுத்தினார்கள். படத்திலும் நேரிலும் இருந்தவர் காட்டன் ஒருவர்தான். மறுபடி அவரையே காட்டினார். படத்தில் காட்டிய அதே ஆள்தான் என்று அதையும் சொல்லிவிட்டார்கள். நீதிமன்றத்துக்கு வரும்போது துளி சந்தேகம் இல்லை.

1987-ல் இரண்டாவது விசாரணை. உண்மையான குற்றவாளி பாபி பூலை ஜெனிஃபரின் எதிரிலேயே நிறுத்தியபோது, இவரைப் பார்த்ததே இல்லை என்றார் ஜெனிஃபர். அவர் நினைவில் அந்த இடத்தில் இப்போது காட்டனின் முகம் இருந்தது. 1995-ல் டிஎன்ஏ பரிசோதனை உண்மையைச் சொல்லும்வரை காட்டன் பத்து வருஷத்துக்கு மேல் சிறையில் இருந்தார்.

அந்தத் தயங்கிய நிமிடங்களைத்தான் நான் வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்வேன். ஜெனிஃபரின் நினைவு அப்போது உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது: “எனக்கு அவ்வளவு உறுதியாகத் தெரியவில்லை.” அதை யாரும் எழுதி வைக்கவில்லை.

அப்படியென்றால் சாட்சிகளையே நம்பக்கூடாதா? (அதே மாணவி)

நம்பலாம். எந்த நேரத்துச் சொல்லை நம்புகிறோம் என்பதுதான் கேள்வி. ஜான் விக்ஸ்டட், கேரி வெல்ஸ் என்ற உளவியலாளர்கள் இருவரும் 2017-ல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். படத்தையோ ஆட்களையோ காட்டி அடையாளம் கேட்கும் சோதனை முறையாக, முதல் முறையாக நடக்கும்போது, அந்த நிமிடமே சாட்சி சொல்லும் உறுதிக்கும் துல்லியத்துக்கும் நல்ல தொடர்பு இருக்கிறது. முறையாக என்றால்: சந்தேக நபர் யார் என்று தெரியாத அதிகாரி நடத்தவேண்டும். சந்தேக நபரோடு சேர்த்துக் காட்டும் மற்ற ஆட்களும் சாட்சி சொன்ன வர்ணனைக்குப் பொருந்தவேண்டும். “ஆள் இதில் இல்லாமலும் இருக்கலாம்” என்று முன்பே சொல்லவேண்டும். எவ்வளவு நிச்சயம் என்பதைச் சாட்சியின் வாயாலேயே கேட்டு உடனே எழுதவேண்டும். “சரியாகச் சொன்னீர்கள்” என்ற ஒரு வார்த்தை போதும், உறுதி ஏறிவிடும். நன்றாகப் பார்த்தேன் என்ற எண்ணமும் கூடவே ஏறும். வெல்ஸும் பிராட்ஃபீல்டும் 1998-ல் இதைக் காட்டினார்கள்.

இரண்டாவது முறை கேட்பது முதல் முறைக்கு ஈடாகாது. முதல் சோதனையே நினைவை மாற்றிவிடுகிறது.

நம் ஊர் அடையாள அணிவகுப்பு? (மதுரை, வழக்கறிஞர்)

சந்தேக நபரை வேறு ஆட்களோடு வரிசையாக நிறுத்தி, சாட்சியை அடையாளம் காட்டச் சொல்வதுதான் இது. மாஜிஸ்ட்ரேட் நடத்துவது நல்ல ஏற்பாடு. ஆனால் அதற்கு முன்பே படம் வாட்ஸ்அப்பில் சுற்றிவிட்டால் அணிவகுப்புக்கு அர்த்தமில்லை. எனக்கு உறுத்துவது வேறு. நம் சட்டத்தில் நீதிமன்றக் கூண்டில் இருப்பவரைக் காட்டுவதுதான் முதன்மைச் சான்று, அணிவகுப்பு வெறும் துணைச் சான்று. நினைவு ஆய்வு இதைத் தலைகீழாகச் சொல்கிறது. வருஷங்கள் கழித்து, கூண்டில் ஒருவரே நிற்கும்போது கை காட்டுவதில் நினைவுக்கு என்ன வேலை?

அம்மாவின் சங்கிலியைப் பறித்துவிட்டார்கள். நாளை ஸ்டேஷனில் படம் காட்டுவார்களாம். என்ன சொல்லி அனுப்புவது?

அம்மா அதிர்ச்சியில் இருப்பார், முதலில் சாப்பிட்டுத் தூங்கட்டும். நீங்கள் கேள்வி கேட்காதீர்கள். “தாடி வைத்திருந்தானா?” என்றால் தாடி முளைத்துவிடும். 1974-ல் எலிசபெத் லாஃப்டஸ் என்ற உளவியலாளர் கார் விபத்து ஓடும் ஒரு சிறு திரைப்படத்தைக் காட்டிவிட்டு, கார்கள் ‘மோதியபோது’ என்ன வேகம் என்று சிலரிடமும், ‘மோதி நொறுங்கியபோது’ என்ன வேகம் என்று சிலரிடமும் கேட்டார். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடி பார்த்தீர்களா என்ற கேள்விக்கு, முதல் வகையில் 50-ல் 7 பேரும் இரண்டாவது வகையில் 50-ல் 16 பேரும் ஆம் என்றார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது.

அவரே சொல்வதை அவர் வார்த்தையிலேயே குறித்துக்கொள்ளுங்கள். ஃபேஸ்புக்கில் ஆள் தேடிக் காட்டவேண்டாம். “தெரியவில்லை” என்பதும் பதில்தான், போலீஸைத் திருப்திப்படுத்த ஒரு படத்தை எடுக்கத் தேவையில்லை என்று சொல்லுங்கள். எவ்வளவு நிச்சயம் என்பதை எழுதிக்கொள்ளச் சொல்லி அம்மாவே கேட்கட்டும். அப்புறம், அவர் படம் பார்க்கும்போது நீங்கள் பக்கத்தில் நிற்காமல் வெளியே பெஞ்சில் உட்காருங்கள். உங்கள் முகத்தையும் அவர் பார்ப்பார்.