ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன் படத்தில் அப்படி என்ன இருக்கிறது? நான் பாதியில் அணைத்துவிட்டேன்

தப்பிக்கிற படம் என்று யாரோ சொல்லி உட்கார்ந்திருப்பீர்கள், அது வருவதற்குள் தூக்கம் வந்திருக்கும். தப்பில்லை. 1994-ல் வந்தபோது அமெரிக்கத் தியேட்டர்களிலேயே கூட்டம் இல்லை. 7 ஆஸ்கர் பரிந்துரை, ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. வீடியோ கேசட்டும் கேபிள் டிவியும்தான் பிறகு தூக்கி நிறுத்தின.

எனக்கு அந்தப் படத்தில் சுவரும் சுரங்கமும் இரண்டாம் பட்சம். நான் ஊர்ப்புற நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன். செய்யாத கொலைக்கு ஆயுள் தண்டனை அனுபவிக்கும் ஆண்டி, சிறை நூலகத்துக்குப் பணம் கேட்டு அரசுக்கு வாரம் ஒரு கடிதம் எழுதுகிறான். 6 வருடம்! தொல்லை தாங்காமல் 200 டாலரும் பழைய புத்தகங்களும் அனுப்பி, இனி எழுதாதே என்கிறார்கள். அவனோ இனிமேல் வாரம் இரண்டு எழுதுவேன் என்கிறான்.

இந்த இடத்தில் என் மனைவி என்னைப் பார்த்துச் சிரித்தாள். எங்கள் நூலகக் கூரை ஒழுகிய காலத்தில் நானும் மேலே எழுதிக்கொண்டே இருந்தேன். பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தாலே பெரிய விஷயம். மழை வந்தால் அலமாரிமேல் உரச்சாக்கைப் பிரித்துப் போடுவேன். ஒருநாள் ஆட்கள் வந்து அளந்தார்கள். அப்புறம் கூரை வந்தது, பாதிக்கு மட்டும். மீதிக்கு மறுநாளே எழுதிப் போட்டேன். அப்போது நான் இந்தப் படத்தைப் பார்த்திருக்கவில்லை, காப்பியடித்தேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம்.

நிஜச் சிறை இப்படியா இருக்கும் என்று கேட்பவர்களுக்கு: இருக்காது, சரி. ஆனால் புரூக்ஸ் பொய்யில்லை. அவரும் சிறை நூலகர். 50 வருடம் உள்ளே இருந்துவிட்டு, வெளியே விட்டதும் தூக்கில் தொங்குகிறார். பிறகு ஒரு நாள் சாப்பாட்டு மேசையில், இந்த இடத்தில் நம்பிக்கை ஆபத்தானது, அது இல்லாமல் பழகிக்கொள் என்று ஆண்டியின் சிறை நண்பன் ரெட் சொல்ல, "புரூக்ஸ் மாதிரியா?" என்று ஆண்டி கேட்கிறான். ரெட்டாக நடிக்கும் மார்கன் ஃப்ரீமன் எழுந்து போய்விடுவார். அந்த நட்பு எனக்குப் பிடித்ததே, அப்படிக் கேட்க முடிந்ததால்தான். நீங்கள் அதுவரையாவது பாருங்கள்.

சம்பந்தமில்லாமல் இன்னொன்று. துப்பறியும் நாவல்களின் கடைசித் தாளைக் கிழித்துக்கொண்டு போனவர்கள் யாராவது இதைப் படித்தால், திருப்பிக் கொடுங்கள். ஒட்டிக்கொள்ளலாம்.