எதிர்ப்பு சக்தியைக் கூட்டினால் போதுமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நோய் எதிர்ப்பு சக்தியைப் பற்றித்தான். குலசேகரம், செங்கோட்டை, பாறசாலை, கம்பம் என்று கேரள எல்லையின் இரண்டு பக்கமும் இருந்து எழுதியிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை, மார்த்தாண்டம் பக்கம் ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்தி ஓய்வு பெற்ற வாத்தியார். ஆராய்ச்சியில் என்ன நடக்கிறது என்று விளக்க முடியும். உங்கள் மாத்திரையை மாற்றச் சொல்ல மாட்டேன்.

கேள்வி: சார், எங்கள் சந்தையில் எதிர்ப்பு சக்திப் பொடி என்று ஒரு டப்பா 650 ரூபாய்க்கு விற்கிறார்கள். ரப்பர் பால் வெட்டும் என் கணவருக்கு மழைக்காலத்தில் அடிக்கடி காய்ச்சல். வாங்கிக் கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, குலசேகரம்

பதில்: வேண்டாம் அம்மா. அந்தக் காசுக்கு முட்டை, சாளை மீன், சிறுபயறு வாங்குங்கள். ரப்பர் தோட்டத்தில் வேலை செய்பவருக்கு மழைக்காலக் காய்ச்சல் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது டெங்குவும் எலிக்காய்ச்சலும்தான். பால் வெட்டாத நாட்களில் மரத்தில் மாட்டிய சிரட்டையில் மழைத்தண்ணீர் தேங்கும், பகலில் கடிக்கிற வரிக்கொசு அதில் முட்டையிடும். எல்லாச் சிரட்டையையும் கவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள், அடுத்த முறை காய்ச்சல் வந்தால் தாமதிக்காமல் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

இதோடு விட்டுவிட மனமில்லை, ஏனென்றால் இந்த மாதக் கடிதங்கள் பலவற்றிலும் எதிர்ப்பு சக்தி கூடக் கூட நல்லது என்ற எண்ணம் தெரிகிறது. அது சரியில்லை. நம் ரத்தத்தில் டி செல் என்ற வெள்ளை அணுக்கள் உண்டு, கிருமி புகுந்த செல்லைத் தேடிக் கொல்வது அவற்றில் ஒரு பிரிவின் வேலை. அதே டி செல்கள் தடம் மாறினால் நம் மூட்டையும் சிறுநீரகத்தையும் கணையத்தையும் தாக்கும். எல்லோருக்கும் ஏன் அப்படி நடப்பதில்லை?

இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு பல வருடம் கிடந்தவர் ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி. டி செல்கள் முதிர்ச்சி அடையும் இடம் நெஞ்சில் இருக்கும் தைமஸ் சுரப்பி. பிறந்து 3 நாளான எலிக்குஞ்சின் தைமஸை எடுத்துவிட்டால் எதிர்ப்பு சக்தி குறையும் என்றுதானே நினைப்போம்? அந்த எலிகளுக்கு நடந்தது வேறு, அவற்றின் எதிர்ப்பு சக்தி வெறிபிடித்ததுபோல் சொந்த உறுப்புகளையே தாக்கியது. ஆரோக்கியமான எலியின் டி செல்களை ஏற்றினால் அந்தத் தாக்குதலைத் தடுக்க முடிந்தது. அப்படியானால் டி செல்களுக்குள்ளேயே மற்றவற்றை அடக்கி வைக்கும் ஒரு கூட்டம் இருந்தாக வேண்டும். அந்தக் காலத்தில் அப்படிச் சொன்னால் பெரும்பாலானவர்கள் நம்பவில்லை, அதற்கு முன் இதே போன்ற ஒரு கருத்து வந்து நிற்காமல் போயிருந்தது. இவர் விடாமல் தேடி 1995-ல் அந்தச் செல்களை அடையாளம் காட்டினார். 2001-ல் அமெரிக்காவில் மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் இருவரும் தோல் செதில் செதிலாகிச் சில வாரங்களிலேயே சாகிற ஒரு எலி வம்சத்தை ஆராய்ந்து, ஃபாக்ஸ்பி3 என்ற மரபணு கெட்டுப்போனதுதான் காரணம் என்று கண்டார்கள். அடக்கும் செல்கள் உருவாகவே அந்த மரபணு வேண்டும் என்று பிறகு தெரிந்தது. மூன்று பேருக்கும் 2025-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

ஆக, நம்மைக் காப்பாற்றுவதில் முடுக்கிவிடும் செல்லுக்கும் பங்கு உண்டு, அடக்கும் செல்லுக்கும் பங்கு உண்டு. ஒரு பொடி இதில் எதைக் கூட்டும் என்று விற்பவரிடம் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: என் அண்ணன் மகனுக்கு 19 வயது. ரத்தப் புற்றுநோய். கீமோ முடிந்து நன்றாக இருந்தான், இப்போது திரும்பவும் வந்துவிட்டது. திருவனந்தபுரத்துக்கு ரயிலில் கூட்டிப்போய் வருகிறோம். கார் டி செல் சிகிச்சை என்று ஒருவர் சொன்னார். இருக்கிற வயலை விற்றுச் செய்யலாமா?
– ஒரு வாசகர், செங்கோட்டை

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வயலை விற்பதற்கு முன் டாக்டரிடம் ஒன்றைத் தெளிவாகக் கேளுங்கள், இது பி செல் என்ற இன்னொரு வகை வெள்ளை அணுவில் தொடங்கிய ரத்தப் புற்றுநோயா? அந்த வகைக்கு இந்தியாவில் இப்போது கிடைக்கும் கார் டி சிகிச்சைகள் பி செல்லின் மேல் இருக்கும் சிடி19 என்ற அடையாளத்தைப் பார்த்துத் தாக்குபவை. அந்த அடையாளம் இல்லாத புற்றுநோயில் அவற்றால் பலன் இல்லை.

எப்படிச் செய்கிறார்கள் என்றால், நோயாளியின் ரத்தத்தை ஒரு இயந்திரம் வழியாக ஓடவிட்டு டி செல்களை மட்டும் பிரித்து எடுப்பார்கள். தீமை செய்யாதபடி மாற்றப்பட்ட ஒரு வைரஸைக் கொண்டு அவற்றுக்குள் புதிய மரபணுவைச் சேர்ப்பார்கள், அதன்பின் அந்தச் செல்களுக்கு சிடி19-ஐ அடையாளம் காணத் தெரிந்துவிடும். ஆய்வகத்தில் கோடிக்கணக்கில் பெருக்கி, நோயாளிக்குச் சில நாள் லேசான கீமோ கொடுத்து இடம் உண்டாக்கி, குளுக்கோஸ் ஏற்றுவதுபோலத் திரும்ப ஏற்றுவார்கள்.

இதில் முன்னோடி பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கார்ல் ஜூன். 2012-ல் எமிலி வைட்ஹெட் என்ற ஆறு வயதுக் குழந்தைக்கு, வேறு வழியே இல்லை என்ற நிலையில், இதைக் கொடுத்தார்கள். ஏற்றிய சில நாளில் கடுமையான காய்ச்சல், ரத்த அழுத்தம் விழுந்தது, செயற்கைச் சுவாசம். பரிசோதித்தபோது எதிர்ப்பு சக்தியை முடுக்கிவிடும் இன்டர்லூக்கின்-6 என்ற பொருள் ரத்தத்தில் எக்கச்சக்கமாக இருந்தது. கார்ல் ஜூனின் சொந்த மகளுக்குச் சிறுவயது மூட்டுவாதம் இருந்ததால், அந்தப் பொருளைத் தடுக்கும் டோசிலிசுமாப் என்ற மருந்தைப் பற்றி அவருக்குத் தெரியும். மூட்டுவாத மருந்துதான், ஒசாகா பல்கலைக்கழகத்தில் தடாமிட்சு கிஷிமோட்டோ பல வருடம் செய்த ஆராய்ச்சியில் இருந்து பிறந்தது. அதைக் கொடுத்தார்கள், குழந்தை பிழைத்தாள், புற்றுநோயும் போனது. மூட்டு வலிக்கு ஒரு பல்கலைக்கழகம் செய்த வேலை இன்னொரு நாட்டில் ரத்தப் புற்றுநோய்க் குழந்தையைக் காப்பாற்றியது என்பதை வகுப்பில் ஒவ்வொரு முறை சொல்லும்போதும் எனக்குத் தொண்டை அடைக்கும். 2017-ல் அமெரிக்கா இந்தக் கார் டி சிகிச்சையை அனுமதித்தது, அப்போதைய விலை 4,75,000 டாலர்.

நம் நாட்டுக்கு வருவோம். மும்பை ஐ.ஐ.டி.யில் ராகுல் புர்வார் குழுவும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19-க்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, மற்ற சிகிச்சைகள் பலிக்காத பி செல் புற்றுநோய்களுக்கு. வெளிநாட்டு விலையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு, ஆனாலும் பல லட்சம் ரூபாய், அதுவும் ஒரு விவசாயக் குடும்பத்துக்கு மலைதான். பரிசோதனையில் நான்கில் மூன்று பேருக்கு அருகில் பலன் தெரிந்தது, ஆனால் பலன் தெரிந்த எல்லோருக்கும் அது நிலைக்கவில்லை. இதை உங்களிடம் மறைக்க எனக்கு விருப்பமில்லை.

அதனால் டாக்டரிடம் இப்படிக் கேளுங்கள். இவனுக்கு கார் டி பொருந்துமா, அதற்குப் பிறகு மஜ்ஜை மாற்றமும் தேவைப்படுமா, நேராக மஜ்ஜை மாற்றத்துக்கே போகலாமா, உடன்பிறந்தவர்களின் மஜ்ஜை பொருந்துகிறதா. எங்காவது மருத்துவப் பரிசோதனையில் சேர வாய்ப்பு இருக்கிறதா என்பதையும் விசாரியுங்கள். ஆஸ்பத்திரியில் சமூகப் பணியாளர் என்று ஒருவர் இருப்பார், முதலமைச்சர் காப்பீட்டிலும் பிரதமர் நிவாரண நிதியிலும் என்ன உதவி கிடைக்கும் என்று அவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். அப்புறம் வயலைப் பற்றி யோசிக்கலாம்.

கேள்வி: எனக்கு லூபஸ் என்று சொல்லி எட்டு வருடமாக ஸ்டெராய்டு எடுக்கிறேன். புற்றுநோய்க்குக் கொடுக்கும் செல் சிகிச்சையால் ஜெர்மனியில் லூபஸ் குணமாகிவிட்டதாமே, உண்மையா?
– ஒரு வாசகி, பாறசாலை

பதில்: உண்மைதான் அம்மா, ஆனால் எண்ணிக்கை இன்னும் சிறியது. எர்லாங்கன் பல்கலைக்கழக மருத்துவமனையில் கியோர்க் ஷெட் குழுவினர் 2021-ல், சிறுநீரகம் வரை பாதிக்கப்பட்ட 20 வயதுப் பெண்ணுக்கு இதே சிடி19 சிகிச்சையைக் கொடுத்தார்கள். ஆன்டிபாடி என்பது கிருமியைப் பிடிக்க நம் உடம்பு தயாரிக்கும் புரதம். லூபஸில் நம் உடம்பையே தாக்கும் ஆன்டிபாடியைத் தயாரிப்பது பி செல் வம்சம்தான், அதைத் துடைத்துவிட்டால் என்ன ஆகும் என்று பார்த்தார்கள். சில மாதத்தில் புதிய பி செல்கள் மஜ்ஜையில் இருந்து வந்தன, ஆனால் பழைய கெட்ட பழக்கம் அவற்றோடு வரவில்லை. 2024-ல் 15 நோயாளிகளின் முடிவை வெளியிட்டார்கள், அதில் லூபஸ் நோயாளிகள் எட்டுப் பேரும் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து இல்லாமலே நன்றாக இருந்தார்கள். பத்து வருடம் கழித்து எப்படி இருப்பார்கள் என்பதைக் காலம்தான் காட்ட வேண்டும். ஸ்டெராய்டுக்கும் மற்ற மருந்துகளுக்கும் அடங்காத லூபஸுக்குத்தான் இப்போதைக்கு இதைப் பார்க்கிறார்கள்.

என் அக்கா மகளுக்கும் இதே நோய். நான்கு வருடம் முன்பு ஒரு தனியார் இடத்தில் ஸ்டெம் செல் ஊசி போட்டால் லூபஸ் போய்விடும் என்று சொல்லி மூன்று லட்சம் வாங்கினார்கள். ஊசி போட்ட தைரியத்தில் அவள் ஸ்டெராய்டைத் தானாக நிறுத்தினாள், ஒன்றரை மாதத்தில் முகமெல்லாம் வீங்கி, சிறுநீரில் புரதம் போய், மெடிக்கல் காலேஜில் பதினெட்டு நாள் கிடந்தாள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வழிகாட்டுதலில், ரத்த நோய்கள் போன்ற சிலவற்றுக்கான மஜ்ஜை மாற்றம் தவிர மற்ற ஸ்டெம் செல் சிகிச்சை எல்லாம் ஆராய்ச்சியாக மட்டுமே நடக்க வேண்டும், அதற்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. அன்றைக்கு எனக்கு இது தெரிந்திருந்தும், அவர்கள் என்னிடம் கேட்காமலே பணம் கட்டிவிட்டார்கள். கையெழுத்துப் போடும் முன் யாரிடமாவது கேளுங்கள் அம்மா. ஸ்டெராய்டை ஒருநாளும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கேள்வி: என் மூத்த மகனுக்குப் பத்து வயதில் சர்க்கரை வந்து இன்சுலின் போடுகிறோம். இளையவளுக்கு வராமல் தடுக்க முடியுமா?
– ஒரு வாசகர், கம்பம்

பதில்: முழுதாகத் தடுக்க இன்னும் வழி இல்லை, தள்ளிப்போட ஒரு மருந்து வந்திருக்கிறது. டெப்ளிசுமாப் என்று பெயர், 2022-ல் அமெரிக்கா அனுமதித்தது. கணையத்தைத் தாக்கும் டி செல்களைத் தணித்து, நோய் வெளிப்படுவதை ஏறத்தாழ இரண்டு வருடம் தாமதப்படுத்துகிறது. மிகவும் விலை கூடியது. உங்களால் இப்போதே செய்ய முடிந்தது, இளையவளுக்கு அடிக்கடி தாகம், இரவில் சிறுநீர், எடை குறைவு தெரிந்தால் அன்றைக்கே சர்க்கரை பார்ப்பது.

கேள்வி: பாம்புக்கடி மருந்து குதிரை ரத்தத்தில் இருந்து எடுப்பதாமே? இந்தக் காலத்தில் புதிதாக ஒன்றும் வரவில்லையா?
– ஒரு வாசகர், பேச்சிப்பாறை

பதில்: ஆமாம், இதுவும் எதிர்ப்பு சக்திதான், குதிரையிடம் கடன் வாங்கியது. குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விஷம் ஏற்றி, அதன் உடம்பு தயாரிக்கும் ஆன்டிபாடியைப் பிரித்து எடுக்கிறார்கள். 1890-களில் தொடங்கிய முறை, அடிப்படை இன்னும் மாறவில்லை. நம் நாட்டு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கின் விஷத்துக்கும் சேர்த்துத் தயாரிப்பது. குதிரைப் புரதம் என்பதால் சிலருக்கு ஒவ்வாமை வரும்.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கார்த்திக் சுனகர் குழு அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆராய்ச்சி நிலையத்தோடு சேர்ந்து, குதிரையே இல்லாமல் ஆய்வகத்தில் மனித ஆன்டிபாடி ஒன்றை உருவாக்கி 2024-ல் வெளியிட்டது. நாக வகைப் பாம்புகளின் ஒரு வகை நரம்பு விஷத்தை அது தடுக்கிறது, எலியில் பலித்திருக்கிறது. மனிதருக்கு வர நாளாகும், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் விஷம் வேறு வகை என்பதால் அவற்றுக்கு இது உதவாது.

நம் மலைப்பக்கம் ஒரு தனிச் சிக்கல் உண்டு. ரப்பர், காப்பித் தோட்டங்களில் சருகுக்குள் கிடக்கும் சின்னக் குழிவிரியன், மூக்கு முனை மேடிட்டு இருக்கும், கேரளப் பக்கம் முழமூக்கன் என்பார்கள். நம்மிடம் இருக்கும் மருந்து அதற்கு வேலை செய்யாது, ஆனால் அதன் கடி சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதனால் டயாலிசிஸ் வசதி உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவது நல்லது. கடித்த பாம்பைத் தேடிப் பிடிக்கப் போக வேண்டாம், கூட இருப்பவர் தூரத்தில் நின்று போனில் ஒரு படம் எடுத்தால் போதும், அதைப் பணியில் இருக்கும் டாக்டரிடம் முதலில் காட்டுங்கள்.