பழநிக்கு என்று சொல்லிவிட்டு வெள்ளகவிக்குப் போகிறவருக்கு

கேள்வி: எனக்கு 38 வயது, ஊர் திண்டுக்கல், இரண்டு பிள்ளைகள். மாதம் ஒருமுறை தனியாகக் கொடைக்கானல் மலையில் நடக்கப் போவேன். பெரும்பாலும் வட்டக்கானலில் ஆரம்பித்து வெள்ளகவி வழியாகக் கும்பக்கரைக்கு இறங்குவது. (வீட்டில் கிருத்திகைக்குப் பழநி போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்புவேன். உண்மையைச் சொன்னால் மனைவி பயப்படுவாள், அது வேறு விஷயம்.) போன தடவை மூடுபனியில் பாதை தவறிச் சுற்றிவிட்டேன். செல்போன் திசைகாட்டியை நம்ப முடியவில்லை. நல்ல சைட்டிங் காம்பஸ், அதாவது தூரத்து அடையாளத்தைக் குறிபார்த்துத் திசை அளக்கும் திசைகாட்டி, வாங்க வேண்டும். மூடியில் முகம் பார்க்கும் கண்ணாடி வைத்ததா, ராணுவத்தில் பயன்படுத்தும் லென்சாட்டிக்கா, சர்வேக்காரர்களின் பிரிஸ்மாட்டிக்கா? பத்தாயிரம் வரை செலவு செய்யலாம். ஒரு டிகிரிகூடத் தப்பக் கூடாது.

பதில்: கண்ணாடி வைத்ததை வாங்குங்கள் தம்பி. காரணம் பிறகு சொல்கிறேன். முதலில் அடைப்புக்குறிக்குள் ஒளித்து வைத்திருக்கிறீர்களே ஒரு வரி, அதை வெளியே எடுப்போம்.

ஒரு டிகிரி தப்பினால் ஒரு கிலோமீட்டர் நடப்பதற்குள் ஏறக்குறைய 17 மீட்டர் விலகிப் போவீர்கள். அந்த 17 மீட்டருக்காகப் பத்தாயிரம் எடுத்து வைத்திருக்கிறீர்கள். சரி, கொடைக்கானலில் நின்று பாருங்கள், பழநி எந்தப் பக்கம்? வடக்கே. குறிஞ்சி ஆண்டவர் கோயிலில் நின்றால் மேகம் இல்லாத நாளில் கண்ணுக்கே தெரியும். வெள்ளகவியும் கும்பக்கரையும் எந்தப் பக்கம்? தெற்கே. வீட்டில் இருப்பவருக்கு 180 டிகிரி தப்பாகச் சொல்லிவிட்டு வந்து என்னிடம் ஒரு டிகிரிக்கு வழி கேட்கிறீர்கள்.

சாயங்காலம் மூன்று மணிக்கு வெள்ளகவிக்குக் கீழே ஈரப்பாறையில் கால் பிசகிவிட்டது என்று வையுங்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு மனைவி போன் அடிக்க ஆரம்பிப்பார், எடுக்க மாட்டீர்கள், கிருத்திகைக் கூட்டம், சிக்னல் கிடைக்கவில்லை போல என்று அவரே சமாதானம் சொல்லிக்கொள்வார். விடிந்ததும் மைத்துனர் பழநிக்கு ஓடுவார். அடிவாரத்தில் லாட்ஜ் லாட்ஜாக விசாரிப்பார், போலீஸ் ஸ்டேஷனில் உங்கள் போட்டோவைக் காட்டுவார், அவர்களும் பாவம் யானைப்பாதை, படிப்பாதை, விஞ்ச் ஸ்டேஷன் கேமரா என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். மலைக்கு அந்தப் பக்கம் நீங்கள் கிடப்பது யாருக்குத் தெரியும்? ஆமாம், மாதாமாதம் வீட்டுக்குக் கொண்டுபோகிற பஞ்சாமிர்தத்தை எந்தக் கடையில் வாங்குகிறீர்கள்?

மனைவி பயப்படுவாள் என்று எனக்கு எழுதாத ஆண்பிள்ளை இல்லை. கடன் வாங்கியவர், வேலையை விட்டவர், நெஞ்சுவலியை மறைத்தவர், எல்லோருக்கும் இதே சாக்குதான். பயப்படட்டுமே! கட்டியவள் பயப்படுவாள், சண்டை போடுவாள், போகாதே என்பாள், அதைக் கேட்டுச் சமாளித்துவிட்டுப் போவதுதான் குடித்தனம். சண்டைக்குச் சோம்பல்பட்டு அவருக்குத் தெரிய வேண்டியதை மறைத்துவிட்டு, அதற்கு அக்கறை என்று பெயர் வைக்காதீர்கள். தனியாக இருக்கிறவன் எந்தக் காட்டுக்குள் வேண்டுமானாலும் போகலாம். இரண்டு பிள்ளைகளைப் பெற்றவன் தன் உடம்பு எங்கே இருக்கிறது என்று வீட்டில் ஒருவருக்காவது தெரியவைத்துவிட்டுத்தான் வாசற்படி தாண்ட வேண்டும். இதில் நான் பழைய காலத்து ஆள்தான், மாறப்போவதில்லை.

இப்போது காம்பஸ். பிரிஸ்மாட்டிக்கில் அரை டிகிரி வரை கோடு இருக்கும், உண்மைதான், ஆனால் அது முக்காலியில் நிறுத்திப் பார்ப்பதற்கான சாமான், கையில் பிடித்தால் அந்த அரை டிகிரி கை நடுக்கத்திலேயே போய்விடும். லென்சாட்டிக் கீழே விழுந்தாலும் தாங்கும், ஆனால் வரைபடத்தில் கோணம் அளக்க ஒரு பாகைமானி தனியாக வேண்டும். காற்றும் தூறலுமாக இருக்கும்போது பாறைமேல் உட்கார்ந்து அதையும் இதையும் பிடிக்க உங்களுக்கு மூன்றாவது கை கிடையாது. கண்ணாடி வைத்ததில் மூடியைப் பாதி திறந்து கண் உயரத்தில் பிடித்து, மேலே இருக்கும் வெட்டு வழியாகப் பெருமாள் மலை மாதிரி ஒரு அடையாளத்தைக் குறிபார்த்தால், அதே நேரத்தில் ஊசி நிற்கும் இடமும் கண்ணாடியில் தெரியும். டிகிரி வட்டத்தைத் திருப்பிப் பேரிங் (வடக்கிலிருந்து அந்த அடையாளம் எத்தனை டிகிரி என்ற கணக்கு) எடுத்துக்கொண்டு, அடித்தட்டு வழியே கீழே இருப்பது தெரியும் என்பதால் அப்படியே டோப்போ ஷீட் (மலை மேடு பள்ளம் காட்டும் வரைபடம்) மேல் வைத்துக் கோடு போட்டுவிடலாம். இரண்டு டிகிரிக்கு ஒரு கோடு இருந்தால் நடக்கிறவனுக்குப் போதும்.

நீங்கள் கேட்காமல் விட்டது ஊசியைப் பற்றி. காந்த நடுக்கோடு, அதாவது காந்த ஊசி மேலும் கீழும் சாயாமல் நிற்கும் கோடு, நம் நாட்டின் தென்முனைப் பக்கமாகப் போகிறது, அதனால் இங்கே ஊசி கிட்டத்தட்டப் படுத்தவாக்கில் நிற்க வேண்டும். ஐரோப்பாவுக்கென்று எடை சரிசெய்த ஊசி நம் மலையில் ஒரு பக்கம் சாய்ந்து உள்ளே உரசும். ஆகவே ‘குளோபல்’ ஊசி என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள், சூன்டோ எம்சி-2 அப்படி வருகிறது. காந்த வடக்குக்கும் உண்மையான வடக்குக்கும் நம் பக்கத்தில் வித்தியாசம் ஏறக்குறைய இரண்டு டிகிரிதான், அதைச் சரிக்கட்டும் வசதிக்காகத் தனியாகக் காசு கொடுக்க வேண்டாம். செல்போனோடு ஒரே பையில் போடாதீர்கள். போனில் இருக்கும் காந்தம் ஊசியின் வடக்கைத் தெற்காகவே மாற்றிவிடக்கூடும்.

இன்னொன்று. நீங்கள் மாட்டிக்கொண்டது மூடுபனியில். பத்தடி தள்ளி இருக்கும் மரமே தெரியாதபோது எதைக் குறிபார்ப்பீர்கள்? பனி ஏறுவதற்கு முன்பே, புல்வெளி திறப்பில் நிற்கும்போதே பேரிங் எடுத்து எழுதிவைத்திருந்தால்தான் பனிக்குள் அதைப் பிடித்துக்கொண்டு நடக்க முடியும். சோலைக்குள் நுழைந்த பிறகு பையைத் துழாவிப் பிரயோசனமில்லை.

அந்தக் கண்ணாடிக்கு இன்னொரு வேலையும் உண்டு. வெயில் இருந்தால் அதை ஆட்டி ஒளி காட்டலாம், பல கிலோமீட்டர் தள்ளியும் தெரியும். தெரிவதற்கு எதிர்ச்சரிவில் உங்களைத் தேடி ஆள் நிற்க வேண்டுமே. உங்கள் ஆட்கள்தான் விஞ்ச் வரிசையில் நிற்கிறார்களே!

வனத்துறை அனுமதியைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை, வாங்குவதில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். 2018 மார்ச்சில் குரங்கணி தீயில் மலையேறப் போனவர்கள் இறந்த பிறகு விதிகள் இறுகியிருக்கின்றன. 2024-இல் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று அரசே இணையதளம் திறந்து, வழிகாட்டியோடு கூட்டிப்போகிறது. முறையாகப் போனால் ஒரு பதிவேட்டில் உங்கள் பெயர் ஏறும், இத்தனை மணிக்கு உள்ளே போனார், இன்னும் வெளியே வரவில்லை என்று யாரோ ஒருவர் கணக்குப் பார்ப்பார்.

எங்கே ஏறுகிறேன், எங்கே இறங்குகிறேன், எத்தனை மணிக்குள் போன் வராவிட்டால் 112-ஐ அழைக்க வேண்டும், கொடைக்கானல் வனச்சரக அலுவலக நம்பர் என்ன என்று ஒரு தாளில் எழுதி, மனைவி கையில் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். பிரிட்ஜில் ஒட்டிவிட்டு நைசாக நழுவக் கூடாது.

காம்பஸை ஆன்லைனில்தான் வாங்குவீர்கள். கொரியர் வரும் நேரத்தில் நீங்கள் வேலைக்குப் போயிருப்பீர்கள், பெட்டியை வாங்கிப் பிரிக்கப்போவது உங்கள் மனைவி. பழநிப் படியேற இது எதற்கு என்று அவர் கேட்பதற்கு முன்னால் நீங்களே சொல்லிவிடுங்கள், ஆர்டர் அப்புறம் போட்டுக்கொள்ளலாம்.